மூன்று மாதத்துக்கு மட்டும்

என் தங்கை எங்கள் பெற்றோரின் மூன்றாவது பிள்ளை. கடைசிப் பிள்ளையும் அவளே. வேதியியலில் பட்டம் பெற்றவள். இருபத்திரண்டாம் வயதில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு நெசவாலையின் சாயப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தாறாம் வயதில் அதே ஆலையின் மனிதவளத் துறைக்கு மாற்றப்பட்டாள். கணவர் பள்ளி ஆசிரியர், கணக்குப் பாடம். ஒரே மகன். ஆலையை அவள் விட்டு விலகவில்லை. ஆலையும் அவளை விலக்கவில்லை. கண்ணாடி அணியத் தொடங்கியது நாற்பத்தொன்றாம் வயதில்.

எங்கள் குடும்பத்தாரின் பிறப்பு, திருமணம், தொழில், முகவரி, இறப்பு ஆகியவற்றை எழுதி வைக்கும் பொறுப்பு அப்பாவுக்குப் பின் என்னிடம் வந்தது. மேலே சொன்னவை எல்லாம் சரிபார்க்கப்பட்டவை. இனிச் சொல்பவற்றில் சிலவற்றை நேரில் கண்டேன். பலவற்றைத் தங்கை சொல்லக் கேட்டேன். அவள் எதையும் மிகைப்படுத்துகிறவள் அல்லள். நிறம் பார்க்கும் வேலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் ஒட்டாது.

அந்த வேலை என்னவென்று வீட்டில் பலருக்குத் தெரியாததால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். துணி வாங்குகிறவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு அனுப்புவார். இதே நிறத்தில் பல்லாயிரம் மீட்டர் வேண்டும் என்பார். சாயப் பிரிவினர் முக்கி எடுத்த மாதிரியை அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்து, ஒன்றேதான் அல்லது ஒன்றல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் கடை விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரியும். வீட்டு விளக்கின் கீழ் சண்டையே போடும். ஆகவே பலவகை விளக்குகள் பொருத்திய ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர், தரை, மேசை எல்லாம் சாம்பல் நிறம். உள்ளே இருப்பவர் சாம்பல் நிற மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். உடுத்தியிருக்கும் உடையின் சாயல் துணிமேல் விழுந்துவிடக் கூடாது. பார்க்கத் தொடங்கும் முன் கதவைச் சாத்தி, கண் அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே கதவுக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. அது எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஆலையின் மேலாளர் ஆனாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

இந்த விதியில்தான் எல்லாம் தொடங்கியது.

ஆலை என்றால் இரைச்சல். தறிக்கூடத்தில் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். உணவுக்கூடத்தில் சுவருக்கும் காது. கழிப்பறை வாசலில் எப்போதும் வரிசை. வீட்டில் வாங்கிய அடியை, மகன் எடுத்த மதிப்பெண்ணை, மேற்பார்வையாளர் சொன்ன வார்த்தையை நினைத்து ஒருவர் தனியாக அழ வேண்டும் என்றால் அந்த வளாகத்தில் அதற்கு இடம் இல்லை. நூல் சுற்றும் பிரிவில் ஒரு பெண் இருந்தார். நிற்கும் இடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பார் என்பதால் அவருக்குப் பம்பரம் என்று பெயர். முதலில் கதவைத் தட்டியவர் அவர்தான்.

"தங்கச்சி, அந்த மஞ்ச வெளக்கைக் கொஞ்சம் போடேன்."

"இப்ப பாக்க வேண்டியது ஒண்ணும் இல்லையே அக்கா."

"எனக்கு இருக்கு. நீ போடு."

விளக்கைப் போட்டதும் பம்பரம் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், நன்றாக அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டியின் வெளிச்சத்துக்குள் முகத்தை நீட்டினார்.

"கண்ணு செவந்திருக்கா பாரு. பகல் வெளக்குல பாத்துச் சொல்லு, எங்க சூப்பர்வைசர் அதுலதான் பாப்பான்."

"லேசா இருக்கு. கொஞ்ச நேரம் உக்காருங்க, எறங்கிடும்."

"கையெழுத்துப் போடுவியா?"

"இப்ப போட மாட்டேன். உக்காருங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதன் பின் பம்பரம் வாரம் ஒருமுறையாவது வந்தார். அவரைப் பார்த்துக் கொதிகலன்காரர் வந்தார், மருமகனைத் திட்ட. உணவுக்கூடத்துச் சமையல்காரர் வந்தார். வாசல் காவலாளிகூட ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தங்கை யாருக்கும் யோசனை சொல்லவில்லை; பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் துணிமேல் இருந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பேச்சு நிறத்தைப் பற்றியே இருக்கும். ஒருமுறை என் மனைவியின் புடவையைப் பார்த்து, "அண்ணி, இதைக் கடையில என்ன நெறம்னு வாங்கினீங்க?" என்று கேட்டாள். பச்சை என்றாள் மனைவி. "வீட்டுக்கு வந்ததும் நீலமா மாறியிருக்குமே" என்றாள். மாறித்தான் இருந்தது. அவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் தம் வேலையைப் பற்றிப் பேசி எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

ஆலையின் மனிதவள அதிகாரியாக இருந்த பெண் பிரசவத்துக்காக விடுப்பில் போனார். மேலாளர் தங்கையைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. ஆலையில யாருக்குப் பிரச்சினைன்னாலும் உன் ரூம் வாசல்லதான் நிக்கிறாங்க. நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"சார், வேலை நேரத்துல விடறதில்லை சார்…"

"குத்தம் சொல்லலை. பாராட்டறேன். அந்தம்மா திரும்பி வர்ற வரைக்கும் நீ அந்த நாற்காலியில உக்காரு. மூணு மாசம். நீ சம்பளமே இல்லாம செஞ்சிட்டிருக்கிற வேலைக்குச் சம்பளம் குடுக்கறேன்."

"சார், அவங்க என்கிட்ட வரலை. அந்த ரூமுக்கு வர்றாங்க."

"அடக்கமான பொண்ணு" என்றார் மேலாளர். அதோடு முடிந்தது.

அந்த வார இறுதியில் எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே இவ ஆபீசருடி! வேலைக்கு ஆள் எடுக்கறவ!" என்று என் மனைவியிடம் சொன்னார். தட்டைக் கழுவும் முன்பே உறவினர் மூவருக்குத் தொலைபேசியில் தகவல் போய்விட்டது. தங்கை தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தொழில் என்னன்னு மாத்தி எழுதணுமா?" என்று கேட்டேன்.

"நிறம் பாக்கறவன்னே இருக்கட்டும் அண்ணா. மூணு மாசத்துக்காக அடிச்சுத் திருத்தாதே."

நான் திருத்தவில்லை.

அவள் சாம்பல் மேலங்கியைக் கழற்றி நிற அறையின் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அவள் இடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கேட்டதற்கு மட்டும், அதுவும் தலையாட்டி, பதில் சொல்கிறவர். ஆலையில் அவரை வாயில்லாப் பூச்சி என்றார்கள். பேசாதவருக்கு அவ்வளவு நீளப் பெயர் எதற்கு என்று பிறகு பூச்சி என்றே சுருக்கிவிட்டார்கள். அவர் உடம்புக்கு அந்த மேலங்கி போதவில்லை. அது ஆணியிலேயே கிடந்தது.

மனிதவள அறைக்கு மூன்று பக்கம் கண்ணாடி. ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்று காட்டுவதற்காக அப்படிக் கட்டினார்களாம். முதல் மாதம் யாரும் வரவில்லை. இரண்டாம் மாதம் பம்பரம் வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒருநாள் விடுப்பு வேண்டும் என்றார்.

"என்ன அக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். சொந்த வேலை."

"மேடமா? நாந்தானே அக்கா. சொல்லுங்க."

பம்பரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தார். "அங்க சொன்னா அது உனக்குச் சொன்னது. இங்க சொன்னா ஃபைலுக்குச் சொன்னது. லீவு குடுத்தா போதும் மேடம்."

அவர் வெளியே போய் நேராக நிற அறைக் கதவைத் தட்டியதைத் தங்கை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் விசாரித்தபோது, பூச்சி யார் சொல்வதையும் கேட்பதில்லை, இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் எல்லாரும் போனார்கள். முன்பைவிட அதிகம் பேர் போனார்கள்.

தங்கை இதை மேலாளரிடம் போய் ஆதாரத்தோடு சொன்னாள். தன்னிடம் எந்தத் தனித் திறமையும் இல்லை, அந்த அறையும் அந்த விளக்கும்தான் காரணம், ஆகவே தன்னைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள். மேலாளர் கவனமாகக் கேட்டார், மேசையைத் தட்டினார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே! உன் ரூமுக்கும் ஒரு மஞ்ச வெளக்கு போட்டுடறேன்."

போட்டுவிட்டார். கண்ணாடிக்குத் திரையும் வந்தது. அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தது, நூல் திருடியதாகப் பிடிபட்ட ஒருவரை வேலையைவிட்டு அனுப்பிய அன்று. இரண்டாம் முறை எரிந்தது, குடித்துவிட்டு வந்த ஓட்டுநருக்காக. அதன் பிறகு விளக்கு எரிந்தால் தறிக்கூடம் வரை செய்தி பறக்கும்: "மஞ்ச வெளக்கு எரியுது, யாருக்கோ சீட்டு கிழியுது." காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டு வந்தவர்கூட, "மேடம், வெளக்கை மட்டும் போட்டுடாதீங்க, எம் பொண்டாட்டி காதுக்குப் போயிடும்" என்று கெஞ்சினார்.

மூன்று மாதம் முடிந்தது. பிரசவத்துக்குப் போன அதிகாரியின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவர் திரும்பவில்லை. தங்கை மறுபடியும் மேலாளர் முன் போய் நின்றாள்.

"போயேன், யார் வேண்டாம்னா?" என்றார் அவர். "ஆள் எடுக்கறது யார் வேலை? உன் வேலை. உன் நாற்காலிக்கு ஒரு நல்ல ஆளா நீயே பாத்து எடு. அவங்ககிட்ட சாவியைக் குடுத்துட்டு அன்னைக்கே உன் ரூமுக்குப் போயிடு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இதைவிட நியாயமான பேச்சு வேறு இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தங்கையின் கணவர் மட்டும் சிரித்தார். "மச்சான், ஜெயில் சாவியைக் கைதி கையிலயே குடுத்துட்டாங்க. பூட்டு எங்க இருக்குன்னுதான் சொல்லலை."

பூட்டு எங்கே இருந்தது என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. வந்தவர்களிடம் எல்லாம் தங்கை ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பாள்: எதற்காக இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்? ஏறக்குறைய அனைவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எனக்கு மனுஷங்கன்னா ரொம்பப் பிடிக்கும் மேடம்." அப்படிச் சொன்ன ஒருவரை நம்பிச் சேர்த்துக்கொண்டாள். நல்ல பையன். பிறந்தநாள்காரர்களுக்கு எல்லாம் வாழ்த்து அட்டை எழுதினான். ஒரு துப்புரவுப் பணியாளரை அழைத்து, நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லும்படி அவனிடம் விட்டபோது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. சம்பள பாக்கியைக்கூட வாங்க வரவில்லை. அடுத்து வங்கியிலிருந்து ஓர் அம்மா வந்தார். இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று அவர் கேட்க, தங்கை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மேலாளரின் மைத்துனர் ஒருவர் வந்தார். அவருக்கு இந்த நாற்காலிமேல் ஆசை மிகுதி. "பயம் இருந்தாதான் மேடம் வேலை நடக்கும்" என்றார். அவரிடம் சாவியைக் கொடுத்திருந்தால் தங்கை அன்றே நிற அறைக்குப் போயிருக்கலாம். அவள் கொடுக்கவில்லை.

"ஏன், குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"பம்பரம் அக்கா அவன் முன்னாடி போய் நிக்கணுமே அண்ணா."

விரும்பி வந்தவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்கலாம் என்று தோன்றியவர்களை அதில் தள்ள மனம் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நான் கேட்பேன், தொழிலை மாற்றி எழுதட்டுமா என்று. "இரு அண்ணா, ஒரு பொண்ணு வர்றா அடுத்த வாரம்" என்பாள்.

ஒருமுறை அவளைப் பக்கத்து நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பல ஆலைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மனிதவளத்துறையினர் வந்திருந்தனர். பயிற்சியாளர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒரு பந்தைக் கையில் கொடுத்து, பந்து யாரிடம் வருகிறதோ அவர் இந்தத் துறைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்றார். முதலில் பந்தைப் பிடித்தவர் நரைத்த மீசைக்காரர். "நான் வாசல்ல செக்யூரிட்டியா இருந்தேங்க. எல்லார் பேரும் தெரியும். உள்ள வந்து உக்காருன்னாங்க." அடுத்தவர் வழக்கறிஞருக்குப் படித்தவர்: "நீதிபதியைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும். அதனால இங்க." இன்னோர் அம்மா: "பீரோ சாவி எங்கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல." ஒருவர், தன் கையெழுத்து அழகாக இருந்ததால் எச்சரிக்கைக் கடிதங்களை எழுதக் கொடுத்தார்கள், எழுதி எழுதி இங்கே வந்து சேர்ந்தேன் என்றார். சிரிப்பு அடங்கவே இல்லையாம். கடைசியில் பந்து ஒரு சின்னப் பெண்ணிடம் போனது. பள்ளியில் படிக்கும்போதே இதுதான் வேண்டும் என்று முடிவுசெய்து, இதற்காகவே கல்லூரியில் சேர்ந்து படித்ததாகச் சொன்னாள். சிரிப்பு நின்றது. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பீரோ சாவி அம்மா மட்டும் எட்டி அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாராம்.

தங்கை பந்தைப் பிடித்தபோது, "நான் மூணு மாசத்துக்கு மட்டும் வந்தேன்" என்றாள். எத்தனை வருடம் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஆலை நூல் சுற்றும் பிரிவை மூடியது, அவள் மனிதவளத்துக்கு வந்த பதினொன்றாம் ஆண்டில். சுற்றிய நூலை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்வது மலிவு என்று மேலிடத்தில் முடிவாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. தங்கை தன்னால் ஆனதை எல்லாம் செய்தாள்: வேறு பிரிவுகளில் இடம் கேட்டாள், இரண்டு மாத அவகாசம் கேட்டாள், பம்பரத்தை மட்டுமாவது துணி மடிக்கும் பிரிவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டாள். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள் என்ற பதிலை, இதே காரணத்தைப் பலருக்குப் பலமுறை சொல்லிய தன் வாயாலேயே அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பம்பரத்தின் முறை வந்தது. கதவு வரை வந்தவர் உள்ளே வரவில்லை. மேலே எரிந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் தங்கச்சி, நீ என்ன சொல்லப் போறேன்னு. இங்க வேணாம். அங்க வந்து சொல்லு."

பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கச்சி என்று அழைத்ததை அவள் எங்களிடம் தனியாகச் சொன்னாள்.

இருவரும் நிற அறைக்குப் போனார்கள். பூச்சி ஒன்றும் கேட்காமல் எழுந்து வெளியே போனார். தங்கை மஞ்சள் விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, பம்பரம் வழக்கமாக உட்காரும் முக்காலியில் அவர் உட்கார்ந்ததும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பம்பரம் அழவில்லை. பெட்டியின் வெளிச்சத்துக்குள் முகத்தை நீட்டவும் இல்லை. "சரி, எல்லாருக்கும் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லிட்டே. வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நல்லெண்ணத்தில் செய்த அந்தச் செயலின் விளைவு அடுத்த வாரம் தெரிந்தது. அந்த அறையில் வைத்தும் சீட்டைக் கிழிப்பார்கள் என்ற பேச்சு ஆலை முழுதும் பரவிவிட்டது. அதன் பின் நிற அறைக் கதவை யாரும் தட்டவில்லை. கொதிகலன்காரர் தன் மருமகனைக் கொதிகலனிடமே திட்டிக்கொண்டார். ஆலையில் இருந்த ஒரே இடத்தைத் தானே கெடுத்துவிட்டதாகத் தங்கை சொன்னபோது அவள் கணவர், "நீ இல்லைன்னா வேற யாராவது கெடுத்திருப்பாங்க" என்றார். அது ஆறுதலாக இல்லை என்று அவருக்கே தெரிந்ததால், எழுந்து போய் மகனின் கணக்கைத் திருத்தினார்.

நிற அறைக்குத் திரும்ப விண்ணப்பிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. புதிய மேலாளர் வந்தார், அவரிடமும் கேட்டாள். ஆள் கிடைத்தால் போகலாம் என்று அவரும் சொன்னார். சென்ற ஆண்டு பூச்சி வேறு ஆலைக்குப் போய்விட்டார். நிற அறை காலியானது. அந்த இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் ஒரு பெண் வந்தாள்; வேதியியல் படித்தவள், இருபத்திரண்டு வயது. தெளிவாகப் பேசினாள். மேலாளர் தங்கையைத் தனியே அழைத்தார்.

"ரொம்ப வருஷமா கேட்டுட்டிருக்கீங்க. இப்ப சரியா அமைஞ்சிருக்கு. நீங்க நிற அறைக்குப் போங்க. இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது, உங்க நாற்காலியில உக்காரட்டும். சம்பளமும் அவளுக்குக் கூட வரும்."

தங்கை அந்தப் பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எதுக்கு மனிதவளத்துக்கு வரலாம்னு நெனைக்கறே?"

"நான் நெனைக்கலையே மேடம், நீங்கதானே கேட்டீங்க" என்றாள் அந்தப் பெண். "எதுவா இருந்தாலும் சரி. மொதல்ல உள்ள வந்துட்டா போதும். பிடிக்கலைன்னா கொஞ்ச நாள் கழிச்சு அந்த ரூமுக்கு மாறிக்கலாம் இல்ல?"

அன்று மாலை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவ்வளவு வெளிச்சமாக அவள் முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணைத் தள்ளிவிடப் போறியா?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

"ஆமா அண்ணி, தள்ளத்தான் போறேன். யாரையும் தள்ளக் கூடாதுன்னு இத்தனை வருஷம் இருந்து பாத்தாச்சு. அவ சின்னப் பொண்ணு, தாங்குவா. நான் நாளைக்குப் போறேன்."

தடுக்க எங்களுக்கு என்ன உரிமை?

போவதற்கு ஒரு சடங்கு பாக்கி இருந்தது. நிறத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் கண் சோதனையில் தேற வேண்டும். நீளமான நான்கு தட்டுகள். ஒவ்வொன்றிலும் கலைந்து கிடக்கும் வண்ண வில்லைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வேறுபாடு. அவற்றை நிற வரிசைப்படி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் எண் இருக்கும்; வரிசை சரியா என்று தெரிந்துவிடும். இளமையில் தங்கை இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சோதனையை மனிதவளத்துக்குப் போன பிறகும் சில ஆண்டுகள் விடாமல் செய்தாள். பிறகு சோதனை நடக்கும் வாரத்தில் எப்போதும் ஏதாவது விசாரணை வந்துவிடும்.

அந்தப் பெண் நிற அறைக்கு விண்ணப்பித்தவள் என்பதால் அவளுக்கும் இந்தச் சோதனை கட்டாயம். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்தப் பெண் அணிந்திருந்த பூப்போட்ட சட்டையின் சாயல் தட்டில் விழுந்ததால், தங்கை கதவுக்குப் பின்னால் இருந்த மேலங்கியை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தாள்.

"யாரோடது மேடம்?"

"இங்க இருந்தவங்களுது. போட்டுக்க."

அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

அந்தப் பெண் முதலில் முடித்தாள். கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒரு பிழையும் இல்லை. தங்கையின் தட்டுகளைக் கவிழ்க்கும் முன்பே அந்தப் பெண் எட்டிப் பார்த்து, மூன்றாவது தட்டில் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகும் இடத்தைச் சுட்டினாள்.

"மேடம், இந்த ரெண்டும் கை தவறி மாத்தி வெச்சிட்டீங்க போல. இதுவும்."

எண்களும் அதையே காட்டின. தங்கை மின்பணியாளரை அழைத்துப் பெட்டியின் விளக்குகளை மாற்றச் சொன்னாள். மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார் அவர். இருந்தாலும் மாற்றினார். கண் அடங்க வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி அடுக்கினாள். அதே இடம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிறகு கண்ணாடி இல்லாமல், மறுபடி அடுக்கினாள். அதே இடம்தான். "எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது அண்ணா. கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்று பிறகு சொன்னாள். அவள் அழும் நேரமாக இருந்திருந்தால் அதற்கு ஏற்ற அறை அதுதான். ஆனால் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை உனக்குத்தான்" என்றாள் தங்கை. "இந்த ரூம்."

"அப்ப உங்க நாற்காலி மேடம்?"

"அதுக்கு ஆள் இருக்கு."

தன் கண்ணாடி அறைக்குத் திரும்பி நியமன உத்தரவைத் தானே தட்டச்சுச் செய்தாள். மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "கடைசியில விட்டுக் குடுத்திட்டீங்க, இல்ல? பெரிய மனசு. உண்மையைச் சொன்னா, அந்த நாற்காலிக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது." அவள் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நம் வீட்டாரிடமும் அவள் விட்டுக்கொடுத்தாள் என்றே பேச்சு நிலவுகிறது. பின்னால் படிப்பவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதால், அவள் அனுமதியோடு, இதை எழுதினேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் கேட்காமலே அவளே சொன்னாள்:

"தொழில்னு இருக்கே, அதை இப்ப திருத்திக்க அண்ணா."

திருத்தினேன். நிறம் பார்த்தது நான்கு ஆண்டுகள். மனிதவளத் துறையில் பத்தொன்பது. ஓய்வுக்கு இன்னும் பதின்மூன்று.